நவுனா வெர்பான்னு வார்த்தைய மட்டும் பார்த்து சொல்ல முடியாது சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல வர்ற மாணவர் பக்கத்துல தினமும் ஒரு கட்டம் கட்டி ஒரு இங்கிலீஷ் வார்த்தை போடறீங்க, பக்கத்துலயே அது நவுனா வெர்பா அட்ஜெக்டிவான்னு ஒரு லேபிள், அதுக்கு கீழ தமிழ்ல ஒரே ஒரு அர்த்தம். நல்ல எண்ணத்துலதான் போடறீங்க, அதுல சந்தேகம் இல்ல, எங்க தெரு பசங்க சில பேர் அத கத்திரிச்சு நோட்ல ஒட்டி வெச்சிகினு மனப்பாடம் பண்றாங்க, அதனாலதான் இத எழுதறேன், யாரும் பார்க்காத மூலையா இருந்தா நானும் பேசாம விட்டிருப்பேன். அந்த லேபிள்தான் சார் பிரச்சனை. லாஸ்ட்னு ஒரு வார்த்தை வந்துச்சு, அட்ஜெக்டிவ், கடைசி, அவ்ளோதான் முடிஞ்சுது. ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டைன்னு நம்ம பக்கத்துல ஷூ கம்பெனிக்கு போய் வர்ற எந்த அம்மாவ வேணா நிறுத்தி லாஸ்ட்னா இன்னான்னு கேட்டு பாருங்க, கடைசின்னு சொல்ல மாட்டாங்க. ஷூவோட மேல்பாகத்த இழுத்து மாட்டி உருவம் கொண்டு வர்றதுக்கு கால் மாதிரியே செஞ்ச அச்சு ஒன்னு இருக்கு, அதுக்குத்தான் லாஸ்ட்னு பேரு, அந்த வேலைக்கு லாஸ்டிங்னே பேரு. அந்த அம்மாவோட பொண்ணு உங்க கட்டத்த பார்த்துட்டு லாஸ்ட்னா அட்ஜெக்டிவ் மட்டும்தான்னு எழுதுது, வீட்ல அத நவுனா கேட்டுகினே வளர்ற பொண்ணு அது.

நான் ஒரு ஷூ கம்பெனியில க்வாலிட்டி பக்கம் ரொம்ப வருஷம் இருந்தவன், இப்ப சத்துவாச்சாரியில வீட்டு திண்ணையில சாயங்காலம் பசங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தரேன். படிச்சது காமர்ஸ்தான், இலக்கண பண்டிதர்னு நெனச்சிடாதீங்க. ஆனா எக்ஸ்போர்ட் லெட்டர் படிச்சு படிச்சு, ஒரு வார்த்தைய வெளிநாட்டு பையர் எந்த இடத்துல எப்படி வெக்கிறான்னு பார்த்து பார்த்து வந்த பழக்கம் இது.

சரி அச்சுன்றது ஏதோ தொழில் வார்த்தை, அத விட்றலாம்னு நீங்க சொல்லலாம். விட்டுட்டே பாருங்க. லாஸ்ட் பஸ் போயிடுச்சுன்னா அங்க அது பஸ்ஸ பத்தி சொல்லுது, அட்ஜெக்டிவ். ஹி கேம் லாஸ்ட்னா வந்தத பத்தி சொல்லுது, அட்வெர்ப். திஸ் ஷூ வில் லாஸ்ட்னா இந்த ஷூ நல்லா உழைக்கும்னு நாம சொல்றமே அது, வெர்ப். இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் இன்னான்னா, கடைசிங்கற லாஸ்ட்டு லேட்ங்கற வார்த்தையோட குடும்பம், ரொம்ப ரொம்ப லேட்டுன்னு சொன்னதுதான் தேஞ்சு தேஞ்சு லாஸ்ட்டாச்சு. ஆனா ஷூ அச்சும், உழைக்கறதுங்கற லாஸ்ட்டும் வேற குடும்பம். பழைய இங்கிலீஷ்ல காலடித் தடத்துக்கு ஒரு வார்த்தை இருந்துச்சு, அந்த தடத்துலருந்து காலோட அச்சுக்கு பேர் வந்துச்சு, தடத்த பிடிச்சிகினு விடாம பின்னாலயே போறதுலருந்து விடாம நீடிக்கறதுன்ற அர்த்தம் வந்துச்சு. அதாவது பார்க்க ஒரே வார்த்தை, உள்ள ரெண்டு வார்த்தை வந்து கலந்திருக்கு. இதெல்லாம் ஆறாங்கிளாஸ் பையனுக்கு தேவையில்ல, ஒத்துக்கறேன். சொல்லித்தர்றவங்களுக்கு தெரிஞ்சிருந்தா ஒரே வார்த்தைக்கு ஒரே லேபிள்னு அடிச்சு பேச மாட்டாங்கன்றதுக்காக சொல்றேன்.

தோல் தொழில்ல இருந்த யாருக்கும் இது புதுசு இல்ல. ஹைட்னா மாட்டுத் தோல், வெர்பா வந்தா ஒளிஞ்சுக்கறது. ஸ்ப்ளிட்னா தோல ரெண்டா அறுக்கறது, அறுத்தா கீழ வர்ற அந்த அடித்தோலுக்கும் ஸ்ப்ளிட்னுதான் பேரு. ஃபினிஷ்னா முடிக்கறது, ஆனா ஃபினிஷ் சரியில்லன்னு பையர் சொன்னா வேலை முடியலன்னு அர்த்தம் இல்ல, தோல் மேல இருக்கற பூச்சும் பளபளப்பும் சரியில்லன்னு அர்த்தம், லோடே திரும்பிடும். டேன்னா பதம் போடறது, அங்க சீமையில ஓக் மரப்பட்டை, நம்ம பக்கத்துல ஆவாரம்பட்டை, அந்த பட்டை சாயம் ஏறுன பழுப்பு கலருக்கும் டேன்னுதான் பேரு, வெயில்ல தோல் கறுக்கறதுக்கும் அதே பேரு, வேலூர் வெயில்ல இருக்கறவங்களுக்கு அத விளக்க வேண்டியதில்ல. அப்பர்னா மேலனு அட்ஜெக்டிவா பசங்க படிக்கிறாங்க, அப்பர் பிரைமரி, அப்பர் பெர்த்துன்னு, ஆம்பூர்ல அப்பர் ஒன்னு டேமேஜ்னு சொன்னா அது ஷூவோட மேல்பாகம், எண்ணி அடுக்கி வெக்கிற சாமான். சோல் அடிப்பாகம், ஆனா சோல் ஏஜென்ட்டுன்னா அவன் செருப்பு தெக்கிறவன் இல்ல, அந்த ஏரியாவுக்கு அவன் ஒருத்தன்தான் ஏஜென்ட். எல்லாத்தவிட எனக்கு வேடிக்கையா இருக்கறது வெட் ப்ளூ. குரோம் போட்டு பதம் பண்ண தோல் ஈரத்தோட நீலமா இருக்கும், ஈரம் ஒன்னு நீலம் ஒன்னு, ரெண்டும் தோல் எப்படி இருக்குன்னு சொல்ல வந்த வார்த்தைங்க, தோல்ங்கற வார்த்தையே அங்க இல்ல. ஆனா இன்னிக்கு எவ்ளோ வெட் ப்ளூ வந்துச்சு, வெட் ப்ளூ விலை ஏறிடுச்சான்னு கேக்கும்போது அது முழு நவுன். படிக்காத லோடுமேன் கூட அத சரியா பேசறான், கிராமர் குறிப்பேடு வெச்சிகினு இருக்கற பையன்தான் குழம்பறான்.

ஏன் குழம்பறான்னு யோசிச்சா, நாம தமிழ் பேசற ஆளுங்க, நம்ம பேச்சுல ஒரு வார்த்தை இன்னா வேலை பார்க்குதுன்னு பெரும்பாலும் அதோட கடைசியிலயே தெரிஞ்சிடும். வேற்றுமை உருபு, விகுதி, ஆ, ஆன, இதெல்லாம் பெரும்பாலும் வார்த்தையோட ஒட்டிகினேதான் வரும், பசங்ககிட்ட நான் வால்னு சொல்வேன். அம்மா முள்ளுக்கத்திரிக்காய வாங்குனாங்கன்னு சொன்னாலும் சரி, முள்ளுக்கத்திரிக்காய அம்மா வாங்குனாங்கன்னு சொன்னாலும் சரி, வாங்குனது அம்மாதான், வால் ஒட்டிகினு இருக்கறதால இடம் மாறுனாலும் ஆள் மாறாது. இங்கிலீஷ்ல அந்த ரெண்டு வார்த்தைய இடம் மாத்தி வெச்சா கத்திரிக்காய் அம்மாவ வாங்கிகினு போயிடும். அங்க இடம்தான் எல்லாம். அதனால அந்த ஊர்ல ஒரு வார்த்தைய கையில எடுத்து இது இன்னா பார்ட் ஆஃப் ஸ்பீச்சுன்னு கேக்கறதே பாதி தப்பான கேள்வி, எங்க இருக்கும்போதுன்னு சேர்த்து கேக்கணும். டிக்‌ஷனரியே அப்படித்தான் பண்ணுது, ஒரு வார்த்தைக்கு கீழ நவுன்னு ஒரு பத்தி, வெர்ப்னு ஒரு பத்தி, தனித்தனியா உதாரணம், நாம அதுல முதல் வரிய மட்டும் கத்திரிச்சு எடுத்துக்கறோம்.

இத சொன்னா என் பழைய கூட்டாளி ஒருத்தர் பாகாயத்துல இருக்காரு, அவரு உடனே இங்கிலீஷ்ல ஒழுங்கே இல்லப்பா, நம்ம தமிழ் மாதிரி வருமான்னு ஆரம்பிச்சிடுவாரு. அது சரி கிடையாது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இங்கிலீஷுக்கும் வால் இருந்துச்சு. அன்புங்கற நவுன் அப்ப லுஃபு, அன்பு செய்யறதுங்கற வெர்ப் லுஃபியன், கேட்ட உடனே எது எதுன்னு தெரியும். கொஞ்சம் கொஞ்சமா கடைசி எழுத்துங்கள வாய்க்குள்ளயே முழுங்கி முழுங்கி, 1066-ல நார்மன்காரங்க வந்து அதிகாரத்துல உக்காந்து பிரெஞ்சு பேச, படிச்சவங்க இங்கிலீஷ எழுதறதையே குறைச்சிட, அந்த வால்ல பெரும்பாலும் உதிர்ந்து போச்சு. ரெண்டுமே லவ்னு நின்னுடுச்சு. அதுக்கப்புறம் பெரிய தடை இல்ல, நெறைய நவுன வெர்ப் இடத்துல வெக்கலாம், வெர்ப்ப நவுன் இடத்துல வெக்கலாம், வந்தவன் போனவன் எல்லாம் வெச்சான். இன்னிக்கும் வெக்கிறாங்க, கூகுள்ங்கற கம்பெனி பேர் வெர்பாகி 2006-ல ஆக்ஸ்ஃபோர்டு டிக்‌ஷனரிக்குள்ளயே போயிடுச்சு.

அந்த எட்டு பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச் இருக்கே, அதுவே இங்கிலீஷுக்குன்னு தெச்ச சட்டை இல்ல. கிரேக்கத்துக்கு போட்ட கணக்கு, அங்கிருந்து லத்தீனுக்கு போச்சு, ரெண்டுமே வால் இருக்கற மொழி, வார்த்தைய பார்த்தே எந்த வகைன்னு பெரும்பாலும் சொல்லிடலாம். லத்தீன் படிச்ச வாத்தியாருங்க அந்த பிரிவ கொஞ்சம் மாத்தி கொண்டு வந்து வால் உதிர்ந்த இங்கிலீஷ் மேல மாட்டிட்டாங்க. அத நாம அப்படியே வாங்கி வெச்சிகினு இருக்கோம்.

நம்ம தமிழும் இதுல சுத்த சைவம் இல்ல. அடின்னா வெர்ப், அவன அடி. அடி விழுந்துச்சுன்னா நவுன். உதை, வெட்டு, குத்து, தட்டு எல்லாமே அப்படித்தான், எந்த மாத்தமும் இல்லாம வினையே பெயரா நிக்குது, முதனிலைத் தொழிற்பெயர்னு இதுக்கு பேரே இருக்கு, பத்தாங்கிளாஸ் பசங்க தமிழ் பீரியட்ல மனப்பாடமா சொல்றாங்க. கெடு கேடாகறது, படு பாடாகறது, சுடு சூடாகறது, இதுக்கு முதனிலை திரிந்த தொழிற்பெயர். அதே பையன் அடுத்த பீரியட்ல இங்கிலீஷ் கிளாஸ்ல உக்காந்து கிக் நவுனா வெர்பான்னு முழிக்கிறான். சார், உதையும் கிக்கும் ஒரே சமாச்சாரம்தான்னு அந்த ரெண்டு வாத்தியாருங்கள்ல ஒருத்தர் சொன்னா போதும், ஆனா தமிழ் வாத்தியார் இங்கிலீஷ் பக்கம் வர மாட்டாரு, இங்கிலீஷ் மிஸ் தமிழ் புக்க தொடவே மாட்டாங்க, நடுவுல பையன் ரெண்டு தடவ மனப்பாடம் பண்றான். தொல்காப்பியத்துலயே சொல்லுன்னா பெயர், வினைன்னு ரெண்டுதான் முதல்ல சொல்லிட்டு, இடையும் உரியும் அந்த ரெண்டையும் ஒட்டி வர்றதுன்னு பின்னால சொல்லி இருக்கு, அந்த ரெண்ட பிடிச்சு தொடங்குனாலே பசங்களுக்கு பாதி பாரம் குறைஞ்சிடும்.

கேடு, பாடுன்னு சொன்னேன்ல, இங்கிலீஷ்லயும் அந்த மாதிரி சத்தத்துல மட்டும் காட்டற வித்தை உண்டு. ரெக்கார்ட், பர்மிட், ப்ரசன்ட், நடத்தைங்கற கான்டக்ட் இதெல்லாம் எழுத்துல ஒன்னு, வாயில ரெண்டு. முன்னாடி அழுத்தி சொன்னா நவுன், பின்னாடி அழுத்தி சொன்னா வெர்ப். நாம நவுன் சத்தத்தயே எடுத்துகினு பக்கத்துல பண்ணு போட்டு ரெக்கார்ட் பண்ணுன்னு முடிச்சிடறோம், தமிழ்ல அது சரிதான், ஆனா இன்டர்வியூல முழு இங்கிலீஷ் பேசும்போதும் அதே அழுத்தம் வந்துடுது. அட்வைஸ் இன்னும் மோசம், சி போட்டு எழுதுனா நவுன், எஸ் போட்டு எழுதுனா வெர்ப், வெர்ப்ல அந்த கடைசி சத்தம் வண்டு ரீங்காரம் மாதிரி அதிரணும், தமிழ்ல அந்த சத்தமே இல்ல, அதனால நமக்கு ரெண்டும் அட்வைஸ்தான். அட்வைஸ் பண்ணாருன்னு பேசி பழகுன பையன் ஈ டி சேர்த்து எழுதும்போது சி போட்டுத்தான் எழுதறான். அவன திட்டி பிரயோஜனம் இல்ல, காரணத்த சொல்லணும்.

ஆனா ஒன்னு சார், இதே பண்ணுதான் நமக்கு கிடைச்ச சாவி. நம்ம பசங்களுக்கு பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச் தெரியாதுன்னு சொல்றதே பொய். இங்கிலீஷ் வார்த்தைய தமிழுக்குள்ள கொண்டு வரும்போது எந்த பையனும் தப்பான வால் மாட்டறதில்ல. வெயிட் பண்ணு, அங்க அது செய்யற வேலை. ஸ்லோவா போ, அட்வெர்ப். ஸ்லோவான நெட், அட்ஜெக்டிவ். வெயிட்டான பண்ணு, ஸ்லோ பண்ணா போன்னு எவனாவது பேசி கேட்டிருக்கீங்களா. அப்ப மண்டைக்குள்ள எல்லாம் தெரியுது. அதனால நான் திண்ணையில இன்னா பண்றேன்னா, இங்கிலீஷ் வாக்கியத்த முழுசா படிக்க வெச்சு, இத தமிழ்ல உங்க வீட்ல எப்படி சொல்வீங்க, அந்த வார்த்தைக்கு பின்னாடி இன்னா வால் விழுது பாருன்னு கேக்கறேன். ஆன விழுந்தா அட்ஜெக்டிவ், ஆ விழுந்தா அட்வெர்ப், காலம் காட்டுனா வெர்ப், ஐ, கு, இல்-னு எதையாவது மாட்ட முடிஞ்சா நவுன். நவுன் வெர்ப்னு லேபிள சொல்லாமயே கண்டுபிடிக்கிறாங்க, லேபிள் அப்புறம் தானா வருது.

இதுக்கு ஃபாஸ்ட்ங்கற வார்த்தைதான் என்னோட ஃபேவரிட். பசங்களுக்கு தெரிஞ்சது வேகம், ஃபாஸ்ட் பேசஞ்சர், ஃபாஸ்ட்டா ஓடு, அட்ஜெக்டிவும் அட்வெர்பும் ஒரே உருவம், எல் ஒய் சேர்க்க கூடாது, அதுலயே நெறைய பேர் வழுக்குவாங்க. அப்புறம் ஆஸ்பத்திரி ஃபாஸ்டிங். வேலூர்ல பொறந்தவனுக்கு ஏபிசிடி வர்றதுக்கு முன்னாடி ஃபாஸ்டிங் சுகர் தெரியும், வெறும் வயித்துல வாங்கன்னு லேப்ல சொல்றது. அங்க ஃபாஸ்ட்னா பட்டினி கிடக்கறது, வெர்ப், விரதம்னு நவுனாவும் வரும், அத உடைக்கறதுதான் பிரேக்ஃபாஸ்ட். மூணாவதா குடியாத்தம் லுங்கி. துணிக்கடையில ஃபாஸ்ட் கலர்னு போட்டிருக்கும். வேகமா போற கலர்னு நெனச்சு ஒரு பையன் இத வாங்காதீங்கன்னு வீட்ல சொல்லி இருக்கான், பாவம். அது சாயம் போகாத கலர், கெட்டியா பிடிச்சிகினு இருக்கற கலர். உண்மையில இந்த கெட்டியா, உறுதியான்றதுதான் அந்த வார்த்தையோட பழைய அர்த்தம், சாப்பிடாம இருக்கறதும் கட்டுப்பாட்ட கெட்டியா பிடிக்கறதுலருந்து வந்ததுதான், வேகம்ங்கறது பின்னாடி வந்து சேர்ந்தது. மூணு ஃபாஸ்ட்டும் ஒரே வேர். இத உங்க கட்டத்துல அட்ஜெக்டிவ், வேகமானன்னு போட்டா இன்னா கிடைக்கும் அவனுக்கு?

இந்த வால் வித்தை எல்லா இடத்துலயும் ஓடாது, அதையும் சொல்லிடறேன். ப்ரெபோசிஷன்னு ஒன்னு வந்துடும், அது தமிழ்ல முன்னாடி வராது, பின்னாடிதான் வரும். ரவுண்ட எடுத்துக்குங்க, அஞ்சு வேலை பார்க்கற வார்த்தை அது. ரவுண்ட் டேபிள்னா அட்ஜெக்டிவ். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தாரு, கவுன்சிலிங் ரெண்டாவது ரவுண்டு, இது நவுன். பஸ் முனைய ரவுண்ட் பண்ணி திரும்புதுன்னா வெர்ப். டர்ன் ரவுண்ட்னு சும்மா சொன்னா அட்வெர்ப். காலையில கோட்டை அகழிய சுத்தி வாக்கிங் போறவங்க, வாக்கிங் ரவுண்ட் த ஃபோர்ட், அங்க ப்ரெபோசிஷன். இங்க வால தேடுனா கிடைக்காது, ஆனா தமிழ் வார்த்தையே கை குடுக்குது பாருங்க. கோட்டைய சுத்துன்னா வெர்ப், ஒரு சுத்து வந்தேன்னா நவுன், கோட்டைய சுத்தி கடைங்கன்னா ப்ரெபோசிஷன் வேலை. சுத்துங்கற ஒரு வினை நம்ம ஊர்லயே மூணு வேலை பார்க்குது. அப்ப இங்கிலீஷ்காரன் மட்டும் ஒரே வார்த்தைய வெச்சு ஏமாத்தறான்னு சொல்ல முடியாது.

வெல் மாதிரி இன்னும் சிலது இருக்கு, கிணறு, நல்லா, உடம்பு தேவல, ஊறி வர்றது, சரி அப்புறம்னு இழுக்கறது. டவுன், பாஸ்ட், லைக், பட் எல்லாம் இந்த கும்பல்தான், ஒவ்வொன்னா எழுதுனா உங்க பேப்பர் பத்தாது. பேஷண்ட்ட மட்டும் சொல்லிட்டு போறேன், நம்ம ஊர் வார்த்தைன்றதால. நோயாளியும் பேஷண்ட், பொறுமையான ஆளும் பேஷண்ட், ரெண்டும் தாங்கிக்கறதுன்ற லத்தீன் வேர்லருந்து வந்தது, ஓபியில டோக்கன் வாங்கி உக்காந்தவங்களுக்கு இதுல ஆச்சரியம் இருக்காது.

ஒரு எட்டாங்கிளாஸ் பொண்ணு கேட்ட கேள்வி இது. கடை போர்டுல ஒரு பக்கம் ஓபன்னு இருக்கு, திருப்புனா க்ளோஸ்டுன்னு இருக்கு, ஏன் இங்க மட்டும் ஈ டி, ஓபன்டுன்னு ஏன் போடலன்னு கேட்டுச்சு. நல்ல கேள்வி சார். ஓபன்ங்கறது வெர்பாவும் இருக்கு, திறந்திருக்கறதுங்கற அட்ஜெக்டிவாவும் அதுவே இருக்கு, அதனால வேற எதுவும் சேர்க்க வேண்டியதில்ல. க்ளோஸுக்கும் அட்ஜெக்டிவ் உண்டு, ஆனா அது மூடி இருக்கறதுன்னு இல்ல, கிட்டக்கன்னு அர்த்தம், க்ளோஸ் ஃப்ரெண்டுன்னு சொல்றமே அது, சத்தமும் கொஞ்சம் வேற. அதனால மூடி இருக்குன்னு சொல்ல வெர்ப்லருந்து ஈ டி சேர்த்துத்தான் ஒரு அட்ஜெக்டிவ் செய்ய வேண்டி இருக்கு. இத சொன்ன உடனே அந்த பொண்ணு போய் லாங் பஜார்ல எந்தெந்த கடையில க்ளோஸ்னு தப்பா எழுதி இருக்காங்கன்னு லிஸ்ட் எடுத்துகினு வந்துச்சு. மனப்பாடம் பண்ணா இந்த ஆசை வருமா.

ஆஸ்பத்திரி பக்கம் லாட்ஜ், மெடிக்கல் ஷாப் தெருவுல நின்னு கேட்டா இன்னொன்னு தெரியும். சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வர்ற பெங்கால்காரங்களும் அஸ்ஸாம்காரங்களும் நம்ம கடைக்காரங்களும் வெறும் இங்கிலீஷ் வார்த்தைய வெச்சே பேசிக்கறாங்க, ரிப்போர்ட் டுமாரோ, டாக்டர் சேஞ்ச், ரூம் சேஞ்ச், சார்ஜ் எவ்ளோ, சார்ஜ் பாயிண்ட் எங்க. ஒரு வால் கிடையாது, ஒரு கிராமர் கிடையாது, ஒருத்தருக்கும் குழப்பம் கிடையாது, ஏன்னா கைல இன்னா இருக்கு, எங்க நிக்கிறோம்னு பார்த்து அர்த்தம் புரிஞ்சிக்கறாங்க. வால் இல்லாத வார்த்தை அந்த தெருவுல வசதியாதான் இருக்கு. பேப்பர்ல ஒரு கட்டத்துக்குள்ள தனியா உக்காந்திருக்கற வார்த்தைக்கு அந்த தெருவும் இல்ல, கையும் இல்ல, வாக்கியமும் இல்ல, அப்புறம் எங்கிருந்து அர்த்தம் வரும்.

அஞ்சு வேலையும் ஒன்னா சொன்னா சின்ன பசங்க பயந்துடுவாங்கன்னு ஒரு மிஸ் எங்கிட்ட சண்டை போட்டாங்க. ஒன்னா சொல்ல சொல்லவே இல்லியே. ஆறாங்கிளாஸ் பையனுக்கு ரவுண்ட் டேபிளும் ஒரு ரவுண்டும் போதும். எனக்கு ஆகாதது, இது நவுன், அவ்ளோதான்னு கதவ சாத்தறது. அப்படி சாத்துனா பத்தாங்கிளாஸ்ல புக்கையும் டேபிளையும் வெர்பா பார்க்கும்போது பிரிண்டிங் மிஸ்டேக்னு நெனச்சு தாண்டி போறான், பரீட்சையில இந்த வார்த்தைய நவுனாவும் வெர்பாவும் வெச்சு வாக்கியம் எழுதுன்னா ஒரு வரி எழுதிட்டு இன்னொரு வரிக்கு இடம் விட்டுட்டு வந்துடறான்.

அதனால என் கோரிக்கை சின்னதுதான். வார்த்தைய தனியா போடாதீங்க, ஒரு வாக்கியத்துக்குள்ள வெச்சு போடுங்க, முடிஞ்சா நம்ம ஊர் சங்கதியா இருக்கட்டும். லேபிள அந்த வாக்கியத்துக்கு கீழ, இந்த வாக்கியத்துல இது வெர்ப்னு போடுங்க, இந்த வாக்கியத்துலன்றது கண்டிப்பா இருக்கணும். அடுத்த நாளே புது வார்த்தைக்கு ஓடாம அதே வார்த்தைய வேற வாக்கியத்துல போட்டு, இன்னிக்கு இது இன்னா வேலை பார்க்குதுன்னு பசங்களயே கேளுங்க. மாசத்துல ஒரு தடவ தமிழ் வினை ஒன்ன பக்கத்துல வெச்சு காட்டுங்க, உதையும் கிக்கும் மாதிரி, சுத்தும் ரவுண்டும் மாதிரி. வார்த்தை கிடைக்கலன்னா ஹைட், ஸ்ப்ளிட், ஃபினிஷ், டேன், அப்பர், சோல்னு ஒரு வாரத்துக்கு மேலயே ஓட்டலாம், வாக்கியம் எழுதித் தர நான் ரெடி, காசு எதுவும் வேணாம். இடம் இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க சார், அந்த பக்கத்துல பாதி கோச்சிங் சென்டர் விளம்பரம்தான் இருக்கு.

இப்படிக்கு,
உங்க நீண்ட நாள் வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்